நீல இன்ஹேலர் மட்டும் ஏன் போதாது? ஆஸ்துமா மருத்துவத்தில் நடந்த திருப்பம்

ஆஸ்துமா உள்ளவரின் சட்டைப்பையிலோ கைப்பையிலோ பெரும்பாலும் ஒரு நீல இன்ஹேலர் இருக்கும். உள்ளே இருப்பது சால்பியூட்டமால். இளைப்பு வந்தால் 2 பஃப். 5 நிமிடத்தில் மூச்சு இலகுவாகும், 4 முதல் 6 மணி நேரம் தாங்கும். இவ்வளவு சீக்கிரம் கேட்கிற மருந்துகள் குறைவு. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. மூச்சு திரும்பிவிட்டதால் நோயும் அடங்கிவிட்டது என்று தோன்றும். அது அடங்கியிருக்காது.

ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டுதலை ஆண்டுதோறும் வெளியிடும் 'ஜினா' அமைப்பு 2019இல் ஒரு முடிவை அறிவித்தது. பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் இனிமேல் சால்பியூட்டமாலை மட்டும் தனியாகக் கொடுத்து ஆஸ்துமாவுக்கு மருத்துவம் செய்யக் கூடாது என்பதே அது. லேசான ஆஸ்துமாவுக்கும் இது பொருந்தும். 50 ஆண்டுப் பழக்கத்தை ஒரே ஆவணம் புரட்டிப்போட்டது. காரணம் தெரிய, மூச்சுக்குழலின் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

இறுக்கம் ஒன்று, வீக்கம் வேறு

மூச்சுக்குழலைச் சுற்றி வெளியே தசை வளையம். உள்ளே மெல்லிய சவ்வு. சவ்வின்மேல் சளிப் படலம். ஆஸ்துமாவில் மூன்றுமே கெடுகின்றன. தசை இறுகுகிறது, சவ்வு வீங்குகிறது, சளி கெட்டியாகி வழியை அடைக்கிறது. இறுக்கம் நிமிடக் கணக்கில் வந்து போகும். வீக்கம் வாரக் கணக்கில் தங்கும். சால்பியூட்டமாலுக்குத் தசையைத் தளர்த்தத் தெரியும், அவ்வளவுதான். வீக்கத்தைக் குறைக்கும் வேலை அதனுடையதல்ல.

காற்று சீராக ஓடும் குழாயில் ஆரம் பாதியாகக் குறைந்தால் தடை 2 மடங்கல்ல, 16 மடங்கு கூடும். அதனால்தான் உள்சவ்வு கொஞ்சம் தடித்தாலே மாடிப்படி ஏறுவது மலையேற்றம் ஆகிறது. ஏற்கெனவே வீங்கிய குழாயில் தசையும் சேர்ந்து இறுகினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வீக்கத்துக்கு முக்கியக் காரணம், பலருக்கு, ஈசினோபில் என்னும் வெள்ளை அணுக்கள். தூசிப் பூச்சி, கரப்பான் எச்சம், மகரந்தம், சளிக்காய்ச்சல் வைரஸ் என ஏதோ ஒன்று சவ்வை உசுப்பும்போது அது எச்சரிக்கைச் சுரப்புகளை வெளியிடுகிறது. அதைக் கேட்டு ஈசினோபில்கள் வந்து குவிந்து, சவ்வைப் புண்ணாக்குகின்றன. இந்த வகை வீக்கத்துக்கு ஸ்டீராய்டு நன்றாகக் கேட்கும். எல்லா ஆஸ்துமாவும் இந்த வகையல்ல என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் தேவைப்படும்.

2024இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஜோடி ரோசன்பிளாட் குழு 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு இன்னொரு கோணத்தைக் காட்டியது. தசை இறுகும்போது சவ்வின் செல்கள் நெருக்கித் தள்ளப்பட்டு, கொத்துக் கொத்தாகப் பிய்ந்து விழுகின்றன. ஆக, வீக்கம் இறுக்கத்தைத் தூண்டுவதுபோல இறுக்கமும் புண்ணை உண்டாக்கி, அடுத்த வீக்கத்துக்கு வழிவிடுகிறது. எலிகளிலும் மனித நுரையீரல் துண்டுகளிலும் செய்த இந்தச் சோதனையில் கவனிக்க வேண்டிய ஒன்று, சால்பியூட்டமால் குழலைத் திறந்தாலும் செல்கள் உதிர்வதைத் தடுக்கவில்லை என்பது.

'வீசிங்' எல்லாம் ஆஸ்துமா அல்ல

மூச்சு விடும்போது விசில் சத்தம் கேட்டால் நம் ஊரில் 'வீசிங்' என்று சொல்லிவிட்டு இன்ஹேலரை எழுதிவிடுவது வழக்கம். ஆனால் புகைப்பவரின் நாள்பட்ட மூச்சடைப்பு, இதயச் செயலிழப்பு, நெஞ்சு எரிச்சலால் வரும் இருமல், குழந்தையின் மூச்சுக்குழலில் சிக்கிய நிலக்கடலை, எல்லாவற்றுக்கும் அதே சத்தம் வரலாம். இருமல் 2 வாரத்தைத் தாண்டினால் முதலில் காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் எடுத்தாக வேண்டும். ஆஸ்துமாவில் எக்ஸ்ரே பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். எக்ஸ்ரே எடுப்பது ஆஸ்துமாவைப் பிடிக்க அல்ல, மற்றவை இல்லை என்று பார்க்க.

ஆஸ்துமாவின் கையெழுத்து அதன் ஏற்ற இறக்கம். இரவு 3 மணிக்கு எழுப்பிவிடும், காலை 10 மணிக்கு ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணில் பிடிப்பதே நோயறிதல். அதற்கான அடிப்படைக் கருவி ஸ்பைரோமீட்டர்.

மூக்கில் கிளிப் போட்டு, வாய்க்குழலை உதடுகளால் இறுகக் கவ்வி, நெஞ்சு கொள்ளும் மட்டும் இழுத்து, ஒரே வீச்சில் வெடித்ததுபோல் ஊதி, நுரையீரல் காலியாகும்வரை நிறுத்தாமல் ஊத வேண்டும். பெரியவர்களுக்கு இது பெரும்பாலும் 6 நொடிக்கு மேல் ஆகும். முதல் நொடியில் வெளியேறும் காற்றின் அளவு எஃப்இவி1. மொத்தமாக வெளியேறுவது எஃப்விசி. ஆரோக்கியமான பெரியவர் மொத்தக் காற்றில் முக்கால் பங்குக்கு மேல் முதல் நொடியிலேயே ஊதிவிடுவார். குழல் அடைத்திருந்தால் அந்தப் பங்கு குறையும். பிறகு 400 மைக்ரோகிராம் சால்பியூட்டமால், அதாவது 4 பஃப், கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். எஃப்இவி1 குறைந்தது 12 சதவீதமும் 200 மில்லிலிட்டரும் கூடினால், அடைப்பு திறக்கக் கூடியது, ஆஸ்துமாவுக்குப் பொருந்துகிறது என்று பொருள்.

இந்தச் சோதனை தவறாகிப்போவதற்கான காரணங்கள் சாதாரணமானவை. உதட்டோரம் காற்று கசிவது. பாதியில் நிறுத்திவிடுவது. ஊதத் தொடங்கும்போது தயங்குவது. குறைந்தது 3 நல்ல ஊதல்கள் வேண்டும். அவற்றில் உயர்ந்த இரண்டுக்கும் இடையே 150 மில்லிலிட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நம்ப முடியாது. இன்னொரு பிழை நோயாளி பக்கம்: சோதனைக்குப் போகும் வழியில் மூச்சு முட்டுகிறது என்று இன்ஹேலரை அடித்துவிட்டு வருவது. கடைசி சால்பியூட்டமாலுக்கும் சோதனைக்கும் குறைந்தது 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்துகளுக்கு ஒரு நாளோ அதற்கு மேலோ. அதை மருத்துவரிடம் கேட்டே நிறுத்த வேண்டும். அவசியப்பட்டு அடித்துவிட்டால் தவறில்லை, ஆனால் ஊதுவதற்கு முன் அங்கே சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும் விடப் பெரிய குழப்பம், நன்றாக இருக்கும் நாளில் ஊதினால் எண்கள் சரியாகவே வரலாம். ஒருமுறை 'நார்மல்' என்று வந்த ஸ்பைரோமெட்ரி ஆஸ்துமா இல்லை என்று நிரூபிப்பதில்லை.

அந்தக் குறையை வீட்டில் வைத்து ஊதும் பீக் ஃப்ளோ மீட்டர் ஈடுகட்டும். மின்சாரம் வேண்டாம், உள்ளே ஒரு சுருளும் முள்ளும் இருக்கும் பிளாஸ்டிக் குழாய்தான். காலையும் மாலையும், மருந்து எடுப்பதற்கு முன், நின்றபடி 3 முறை ஊதி, உயர்ந்த எண்ணை எழுத வேண்டும். 2 வாரம். உதாரணமாகக் காலையில் 300, மாலையில் 360 என்றால் வித்தியாசம் 60, சராசரி 330, மாறுபாடு சுமார் 18 சதவீதம். இப்படி ஒவ்வொரு நாளுக்கும் கணக்கிட்டு 2 வாரச் சராசரி எடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு அது 10 சதவீதத்தைத் தாண்டினால் ஜினா அதை மிகையான ஏற்ற இறக்கம் என்கிறது. பிரிட்டன் வழிகாட்டுதல் 20 சதவீதம் கேட்கிறது. ஆகவே இரண்டுக்கும் நடுவில் விழும் எண்ணை வைத்து மட்டும் முடிவெடுக்க முடியாது. நோயின் வரலாறும் சேர்ந்தே தீர்ப்பு.

புதிதாக முன்வரிசைக்கு வந்திருப்பது ஃபீனோ சோதனை. வீங்கிய சவ்வு நைட்ரிக் ஆக்சைடு வாயுவை அதிகமாக வெளியிடும். ஆழமாக இழுத்து, கருவியில் தெரியும் குறிக்குள் நிற்கும்படி 10 நொடி சீராக ஊதினால் அதன் அளவு தெரிந்துவிடும். ஸ்பைரோமீட்டர் அடைப்பை அளக்கிறது, ஃபீனோ வீக்கத்தை அளக்கிறது. நவம்பர் 2024இல் வந்த பிரிட்டனின் கூட்டு வழிகாட்டுதல், ஆஸ்துமா போலத் தோன்றும் பெரியவருக்கு முதலில் ஃபீனோவையோ ரத்த ஈசினோபில் எண்ணிக்கையையோ பார்க்கச் சொல்கிறது. ஃபீனோ 50 பிபிபி (ஊதும் காற்றின் நூறு கோடிப் பங்கில் 50) அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, ஈசினோபில் ஆய்வகத்தின் இயல்பு வரம்பைத் தாண்டினாலோ, ஸ்பைரோமெட்ரிக்குக் காத்திராமல் ஆஸ்துமா என்று உறுதிசெய்யலாம். 5 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஃபீனோ வரம்பு 35.

இதை நம் ஊருக்கு அப்படியே எடுத்துவர முடியாது என்பது எங்கள் கருத்து. குடற்புழு பரவலாக உள்ள இடங்களில் ஈசினோபில் கூடுவதற்கு ஆஸ்துமா வேண்டியதில்லை. யானைக்கால் நோய்ப் புழுவுக்கு நுரையீரல் காட்டும் ஒவ்வாமையால் வரும் வெப்பமண்டல ஈசினோபீலியா, இரவு இருமலும் இளைப்புமாக ஆஸ்துமாவைப் போலவே நடிக்கும். ஆனால் அதில் ஈசினோபில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 3,000க்கும் மேலே போய்விடும், மருந்தும் வேறு: டையெதில்கார்பமசின், 3 வாரம். தும்மலுக்கும் சளிக்கும் 'ஈஸ்னோபீலியா இருக்கு' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறோமே, அந்தச் சொல்லுக்குப் பின்னால் உண்மையில் எந்த எண் இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். ஃபீனோவுக்கும் சறுக்கல் உண்டு. புகைப்பவருக்குக் குறைத்துக் காட்டும், மூக்கு ஒவ்வாமை இருந்தால் கூட்டிக் காட்டும், ஸ்டீராய்டு இன்ஹேலர் ஏற்கெனவே எடுப்பவருக்கு இறங்கிவிடும்.

நீல இன்ஹேலரின் மறுபக்கம்

இளைப்பை உடனே தணிக்கும் நிவாரணி இன்ஹேலர் மீதான சந்தேகம் புதிதல்ல. 1960களில் அதிவீரிய ஐசோப்ரினலின் இன்ஹேலர் புழங்கிய நாடுகளில் ஆஸ்துமா சாவுகள் திடீரெனக் கூடின. 1970களின் நடுவில் நியூசிலாந்தில் மறுபடி அதே கதை, இம்முறை ஃபெனோடெரால். 1989இல் அந்நாட்டு ஆய்வாளர்கள் அந்த மருந்தைச் சுட்டிக்காட்டி, பயன்பாடு கட்டுப்படுத்தப்பட்ட பிறகு சாவுகள் சரிந்தன.

சால்பியூட்டமால் அவற்றைவிடப் பாதுகாப்பானதுதான். ஆனாலும் பிரிட்டனில் 2014இல் வெளியான ஆஸ்துமா மரணத் தணிக்கை 195 சாவுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. இன்ஹேலர் கணக்கு கிடைத்த 165 பேரில் 65 பேர், இறப்பதற்கு முந்தைய ஓராண்டில் 12க்கும் மேற்பட்ட நீல இன்ஹேலர் வாங்கியிருந்தார்கள். ஸ்வீடனில் 3,65,000க்கும் அதிகமான நோயாளிகளின் பதிவேடுகளை அலசி 2020இல் வெளிவந்த சபினா ஆய்வு இதை இன்னும் கூர்மையாக்கியது. ஆண்டுக்கு 3 இன்ஹேலரை எட்டும்போதே கடும் தாக்குதல்களின் வாய்ப்பு கூடுகிறது. 11ஐ எட்டினால் இறப்பு வாய்ப்பு 2 மடங்குக்கும் மேல்.

ஒரு டப்பாவில் 200 பஃப். ஆண்டுக்கு 3 டப்பா என்றால் நாளுக்கு சராசரி 1.6 பஃப்தான். 'காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு' என்று அடிப்பவர் தன்னை லேசான நோயாளி என்றே நினைத்துக்கொண்டிருப்பார்.

மருந்து நேரடியாகக் கொல்கிறது என்று இதைப் படிக்கக் கூடாது. இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. தசை தளர்ந்துகொண்டே இருப்பதால் அடியில் வீக்கம் ஏறுவது தெரிவதில்லை. அதோடு, தினமும் அடித்து வந்தால் ஓரிரு வாரத்திலேயே மருந்தைப் பிடித்துக்கொள்ளும் தசையின் ஏற்பிகள் சலித்துப்போய், குழல் முன்னைவிட எளிதில் இறுகத் தொடங்குகிறது. நெருக்கடி வரும் இரவில் மருந்து பாதிதான் கேட்கும்.

ஒரே இழுப்பில் இரண்டு மருந்து

தீர்வு நமக்கு முன்பே தெரியும்: தினமும் ஸ்டீராய்டு இன்ஹேலர். அதில் மருந்துக்குக் குறையில்லை, மனிதருக்குத்தான் குறை. உடம்பு நன்றாக இருக்கும் நாளில் யாரும் இன்ஹேலரைத் தேடுவதில்லை. இளைப்பு வந்த நாளில் நீலத்தைத் தேடுவார்கள். அப்படியானால் தேடிப் போகிற அந்த ஒரு இழுப்புக்குள்ளேயே ஸ்டீராய்டையும் வைத்துவிட்டால் என்ன? இந்த எளிய கேள்வியைத்தான் கடந்த சில ஆண்டுகளின் பெரிய ஆய்வுகள் சோதித்தன.

இதற்குப் பொருத்தமான இணை பியூடிசோனைடு, ஃபார்மோடெரால். முன்னது ஸ்டீராய்டு. பின்னது தசைத் தளர்த்தி, 1 முதல் 3 நிமிடத்தில் வேலையைத் தொடங்கி 12 மணி நேரம் நிற்கும். 2018இல் வெளியான சிக்மா 1 ஆய்வில் 3,849 பேர். தேவைப்படும்போது மட்டும் இந்த இணையை இழுத்தவர்களுக்கு, தேவைப்படும்போது மட்டும் வெறும் நிவாரணி இழுத்தவர்களைவிடக் கடும் தாக்குதல்கள் 64 சதவீதம் குறைந்தன. தினமும் இருவேளை ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்புக்கு ஏறக்குறைய சமம். ஆனால் உடம்புக்குள் போன ஸ்டீராய்டு ஆறில் ஒரு பங்குதான்: நாளுக்கு 340 மைக்ரோகிராமுக்குப் பதில் 57. நேர்மையாகச் சொல்ல வேண்டிய இன்னொன்று, அன்றாட இளைப்பைக் கட்டுக்குள் வைப்பதில் தினசரி ஸ்டீராய்டு கொஞ்சம் முந்தியிருந்தது. புதிய முறை ஜெயித்தது மருத்துவமனைக்கு ஓட வைக்கும் தாக்குதல்களைத் தடுப்பதில்.

2019இல் நாவல் ஸ்டார்ட் ஆய்வு, இயல்பான அன்றாடச் சூழலில், சால்பியூட்டமாலை மட்டும் பயன்படுத்தியவர்களோடு ஒப்பிட்டுத் தாக்குதல்கள் 51 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. சால்பியூட்டமாலோடு பியூடிசோனைடைச் சேர்த்த வேறொரு கூட்டு மருந்தை 2025இல் பதூரா ஆய்வு சோதித்தது. அதிலும் கடும் தாக்குதல் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. அதே 2025இல் நியூசிலாந்தின் கேர் ஆய்வு 5 முதல் 15 வயதுள்ள 360 பிள்ளைகளிடம் ஃபார்மோடெரால் இணையைச் சோதித்து, சால்பியூட்டமாலைவிடத் தாக்குதல்கள் 45 சதவீதம் குறைவு என்று கண்டது.

நடைமுறையில் எப்படி? பெரியவருக்கு ஒரு இழுப்பில் பியூடிசோனைடு 200, ஃபார்மோடெரால் 6 மைக்ரோகிராம் உள்ள அளவு. இளைப்பு வந்தால் 1 இழுப்பு. சில நிமிடத்தில் தணியாவிட்டால் இன்னொன்று. சற்றுத் தீவிரமான நோய்க்கு இதையே காலை, மாலை என்று தினமும் எடுத்து, இடையில் தேவைப்பட்டாலும் இதையே எடுக்கச் சொல்வார்கள். ஒரு நாளில் எல்லாம் சேர்த்து 12 இழுப்பு உச்சவரம்பு. அது வரம்பு, இலக்கு அல்ல. 12ஐ நெருங்கும் நாள் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நாள்.

இங்கே உயிருக்கு ஆபத்தான ஒரு குழப்பம் நடக்கிறது. ஸ்டீராய்டு கலந்த கூட்டு இன்ஹேலர் எல்லாம் ஒன்றல்ல. ஃப்ளூட்டிகசோனும் சால்மெடெராலும் சேர்ந்த கூட்டு நல்ல மருந்துதான், ஆனால் சால்மெடெரால் வேலை செய்ய 10 முதல் 20 நிமிடம் பிடிக்கும். அதை நிவாரணியாக மீண்டும் மீண்டும் இழுக்கக் கூடாது. அந்தக் கூட்டு எடுப்பவர் அவசரத்துக்குத் தனியாகச் சால்பியூட்டமால் வைத்துக்கொள்ள வேண்டும். டப்பாவின் மேல் ஃபார்மோடெரால் என்று இருக்கிறதா, சால்மெடெரால் என்று இருக்கிறதா? கடைக்காரர் 'அதே மருந்துதான், வேற கம்பெனி' என்று மாற்றிக் கொடுக்கும்போது இதைப் படித்துப் பார்த்தே வாங்க வேண்டும்.

'ஸ்டீராய்டா? வேண்டாம் டாக்டர்'

இந்தப் பயத்துக்குக் கணக்கால்தான் பதில் சொல்ல முடியும். கடும் தாக்குதலுக்கு மாத்திரையாகக் கொடுக்கும் பிரட்னிசலோன், பெரியவருக்கு நாளுக்கு 40 மில்லிகிராம் அளவில், 5 முதல் 7 நாள். 40 மில்லிகிராம் என்பது 40,000 மைக்ரோகிராம். சிக்மா 1இல் தேவைப்படும்போது மட்டும் இழுத்தவர்கள் எடுத்த நாளுக்கு 57 மைக்ரோகிராமை 365ஆல் பெருக்கிப் பாருங்கள். ஓர் ஆண்டுக்கு ஏறக்குறைய 21 மில்லிகிராம். இரண்டும் வேறு வேறு மருந்துகள், எடைக்கு எடை ஒப்பிடுவது சரியல்ல. இருந்தாலும் பயம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். இன்ஹேலரைத் தவிர்ப்பவர்தான் கடைசியில் மாத்திரையை விழுங்குகிறார். வாழ்நாள் முழுதும் சேர்த்து 500 முதல் 1,000 மில்லிகிராம் அளவைத் தாண்டும்போதே சர்க்கரை நோய், எலும்புத் தேய்வு, கண்புரை போன்றவற்றின் வாய்ப்பு கூடுகிறது. 5 நாள் சிகிச்சை ஒன்றுக்கு 200 மில்லிகிராம் என்றால் நாலைந்து தாக்குதலில் அங்கே போய் நிற்போம்.

சிரப்புக்கும் இதே கணக்குதான். இளைப்புக்குக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் சால்பியூட்டமால் சிரப் 5 மில்லியில் 2 மில்லிகிராம். அது 20 பஃப் அளவு. வயிறு, ரத்தம், இதயம் எல்லாம் சுற்றி நுரையீரலுக்குப் போவதால் மெதுவாகவும் கேட்கும், நெஞ்சு படபடக்கும், கையும் நடுங்கும். இன்ஹேலர்தான் 'ஸ்ட்ராங்' என்று நம்பி சிரப்பைக் கேட்டு வாங்கும் பெற்றோர், தெரியாமலேயே பல மடங்கைக் கொடுக்கிறார்கள். இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்ற பேச்சிலும் சாரமில்லை. கண்ணாடி போட்டால் கண் கண்ணாடிக்குப் பழகிவிடுமா என்ன?

இன்ஹேலர் ஸ்டீராய்டின் உண்மையான தொல்லைகள் தொண்டைக் கரகரப்பும் வாயில் படரும் வெள்ளைப் பூஞ்சையும். தினமும் எடுப்பவர்கள் இழுத்து முடித்ததும் வாய் கொப்புளித்துத் துப்பினால் இரண்டும் பெருமளவு குறையும். துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது.

இழுக்கத் தெரியாமல் வீணாகும் மருந்து

இன்ஹேலர் பயன்படுத்துபவர்களில் 70 முதல் 80 சதவீதம் வரை சரியாக இழுப்பதில்லை என்று ஜினா சொல்கிறது. சரியாக அழுத்தினாலும் தெளிப்பு இன்ஹேலரின் மருந்தில் 10 முதல் 20 சதவீதம்தான் நுரையீரலுக்குப் போகிறது. தவறாக அழுத்தினால் தொண்டையில் மோதி வயிற்றுக்குப் போய்விடும்.

தெளிப்பு வகையை நன்றாகக் குலுக்க வேண்டும். மருந்து அடியில் தங்கியிருக்கும், குலுக்காவிட்டால் ஒரு பஃப்பில் வெறும் வாயுவும் அடுத்ததில் இரட்டை மருந்தும் வரலாம். புதிய டப்பாவையும் பல நாள் தொடாத டப்பாவையும் முதலில் காற்றில் சில முறை அழுத்திப் பார்க்க வேண்டும். பிறகு மூச்சை முழுக்க வெளியே விட்டு, உதட்டால் கவ்வி, மெதுவாக இழுக்கத் தொடங்கும் அந்தக் கணத்தில் அழுத்தி, 3 முதல் 5 நொடி தொடர்ந்து மெதுவாக இழுத்து, 10 நொடி அடக்க வேண்டும். அடுத்த பஃப்புக்கு அரை நிமிடம் இடைவெளி. பலர் அழுத்திவிட்டுப் பிறகு இழுக்கிறார்கள், அல்லது சடக்கென்று வேகமாக இழுக்கிறார்கள். இரண்டிலும் மருந்து தொண்டையோடு நின்றுவிடும்.

இந்த ஒத்திசைவு வராதவர்களுக்காகத்தான் ஸ்பேசர். டப்பாவையும் வாயையும் இணைக்கும் அந்தப் பிளாஸ்டிக் அறை மருந்தைச் சில நொடி பிடித்து வைக்கும். ஒரு முறைக்கு ஒரு பஃப் மட்டும். நாலைந்து பஃப்பை மொத்தமாக அழுத்தினால் துளிகள் ஒன்றோடொன்று மோதி அறையின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கழுவும்போது சோப்புத் தண்ணீரில் அலசி, காற்றில் உலரவிட வேண்டும். துணியால் உள்ளே துடைத்தால் நிலைமின்சாரம் உண்டாகி மருந்தைச் சுவருக்கு இழுத்துவிடும். மழலைகளுக்கு முகமூடி வைத்த ஸ்பேசர் வேண்டும், முகத்தில் இடைவெளியில்லாமல் படிய வேண்டும். அழும் குழந்தைக்கு வைத்தால் நுரையீரலுக்குப் போகும் அளவு குறையும்.

கேப்சூல் போட்டு இழுக்கும் ரோட்டாஹேலர் வகைக்கு விதி நேர் எதிர். இதில் உந்தும் வாயு கிடையாது, நம் மூச்சின் வேகமே பொடியை உடைத்து உள்ளே கொண்டுபோகும். ஆகவே வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். தெளிப்புக்கு மெதுவாக, பொடிக்கு வேகமாக. இந்த ஒன்றை மாற்றிச் செய்வதுதான் மிகச் சாதாரணமான தவறு. கேப்சூலின் தெளிவான முனை கீழே இருக்கும்படி துளையில் செருகி, அடிப்பகுதியைத் திருகினால் கேப்சூல் பிரியும். மூச்சை வெளியே விடும்போது கருவியை வாயிலிருந்து விலக்கிவிட வேண்டும், அதற்குள் ஊதினால் ஈரம் பட்டுப் பொடி கட்டியாகிவிடும். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் கேப்சூலை முன்கூட்டியே பிரித்து வைத்தாலும் இதுவே நடக்கும். இழுத்த பின் கருவியைத் திறந்து பார்த்து, பொடி மிச்சமிருந்தால் இன்னொரு முறை இழுக்கலாம். கேப்சூலைத் தண்ணீர் ஊற்றி விழுங்கிவிட்டு 'கேட்கவில்லை' என்பவர்கள் இன்றும் வருகிறார்கள். அதைக் கொடுத்தவர் செய்து காட்டாததே காரணம்.

தெளிப்பு டப்பாவில் எண்காட்டி இல்லாவிட்டால், தொடங்கிய தேதியை ஸ்கெட்ச் பேனாவால் எழுதி வையுங்கள். தண்ணீரில் மிதக்கவிட்டு மருந்து இருக்கிறதா என்று பார்ப்பது நம்பத்தக்கதல்ல, வாயு மட்டும் மிச்சமிருக்கும்போதும் அது ஒரு மாதிரி மிதக்கும்.

தாக்குதல் வந்தால்

நிமிர்ந்து உட்கார வேண்டும், படுக்கக் கூடாது. சால்பியூட்டமால் வைத்திருப்பவர் ஸ்பேசர் வழியாக 4 முதல் 10 பஃப், ஒவ்வொன்றாக. குணம் தெரியாவிட்டால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை, முதல் ஒரு மணி நேரம் வரை. இதைச் செய்துகொண்டே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். சொற்களை விட்டுவிட்டுப் பேசுவது, உதடு நீலம் பாய்வது, குழம்பிய பேச்சு, தூக்கக் கலக்கம், நாடி நிமிடத்துக்கு 120க்கு மேல், விரல்நுனிக் கருவியில் ஆக்சிஜன் 90க்குக் கீழே, இவற்றில் எது இருந்தாலும் 108ஐ அழைப்பதில் தாமதம் கூடாது. விசில் சத்தம் நின்றுவிட்டது, ஆனால் ஆள் இன்னும் திணறுகிறார் என்றால் அது குணமல்ல. சத்தம் எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று ஓடவில்லை என்று பொருள்.

ஸ்பேசர் இருந்தால், உயிருக்கு ஆபத்தான நிலையைத் தவிர, நெபுலைசர் அவசியமில்லை. இரண்டும் ஒரே அளவு பலன் தருகின்றன என்பது பல ஒப்பீட்டு ஆய்வுகளின் முடிவு. 'ஆவி வைத்தால்தான் கேட்கும்' என்று நெபுலைசரைத் தேடி இரவில் அலைவதில் போகும் அரை மணி நேரம் வீண்.

எதற்கும் அடங்காத ஆஸ்துமா

சரியாக இழுத்தும், அதிக அளவு ஸ்டீராய்டு எடுத்தும் தாக்குதல் ஓயாத சிறு பகுதியினருக்காக உயிரியல் ஊசிகள் வந்திருக்கின்றன. 2003இல் ஓமலிசுமாப், 2015இல் மெபோலிசுமாப், பிறகு பென்ராலிசுமாப், டூபிலுமாப், 2021இல் டெசிபெலுமாப் என அமெரிக்க ஒப்புதல் வரிசையாக வந்தது. ஒவ்வொன்றும் வீக்கச் சங்கிலியின் ஒரு கண்ணியை மட்டும் அறுக்கும். ஈசினோபில், ஃபீனோ எண்களைப் பார்த்தே எந்த ஊசி யாருக்கு என்று முடிவாகும். முன்னால் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான். ஈசினோபில் வீக்கம் இல்லாதவருக்கு ஈசினோபிலை ஒழிக்கும் ஊசியால் பயனில்லை. பெரும்பாலானவை 2 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை. டெபிமோகிமாப் என்ற புதிய மருந்து 6 மாதத்துக்கு ஒரு ஊசி, 2024இல் வெளியான இரு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தாக்குதல்களை 54 சதவீதம் குறைத்தது.

இதைவிடக் கவனம் ஈர்த்தது லண்டன் கிங்ஸ் கல்லூரியின் மோனா பஃபாடெல் தலைமையில் நடந்த ஏப்ரா ஆய்வு. ஆஸ்துமாவோ நாள்பட்ட மூச்சடைப்போ உள்ள, ரத்த ஈசினோபில் கூடியிருந்த 158 பேரிடம், தாக்குதல் வந்த நேரத்திலேயே பென்ராலிசுமாப் ஊசியைச் சோதித்தார்கள். வழக்கமான 5 நாள் பிரட்னிசலோன் மட்டும் எடுத்தவர்களில் 74 சதவீதத்தினருக்கு 90 நாளுக்குள் சிகிச்சை தோற்றது. பென்ராலிசுமாப் ஒரே ஒரு ஊசி போட்டவர்களில் 45 சதவீதம். ஆய்வு சிறியது, மருந்தின் விலை பெரியது, அதனால் நாளைக்கே அவசரப் பிரிவுக்கு வந்துவிடாது. ஆனால் பல பத்தாண்டுகளாக மாறாமல் இருந்த ஸ்டீராய்டு மாத்திரைக்கு மாற்றாக ஒன்று தலைகாட்டியிருக்கிறது.

ஊசிக்கு எழுதும் முன் நல்ல மருத்துவர் செய்வது வேறொன்று. இன்ஹேலரைக் கையில் கொடுத்து, 'இழுத்துக் காட்டுங்கள்' என்பார். பிறகு பழைய ரசீதுகளைக் கேட்பார்: போன ஆண்டில் நீலம் எத்தனை வாங்கியிருக்கிறீர்கள், ஸ்டீராய்டு இன்ஹேலர் எத்தனை? தலைவலிக்கு ஆஸ்பிரின் வகை மாத்திரை போட்டபின் இளைக்கிறதா, இதயத்துக்கோ கண் அழுத்தத்துக்கோ பீட்டா பிளாக்கர் எடுக்கிறீர்களா, வீட்டில் விறகடுப்பு எரிகிறதா என்றும் விசாரிப்பார். 'அடங்காத ஆஸ்துமா' என்று அனுப்பப்படுபவர்களில் கணிசமானவர்களின் நோய் இந்த மேசையிலேயே அடங்கத் தொடங்கிவிடுகிறது.